வாரம் ஏழு நாளும் விரதம்

டிஸ்பென்சரியில் நம்பர் கூப்பிடுகிறவளுக்குக் காது இரண்டு போதாது, வாய் ஒன்றே அதிகம்.

எங்கள் டிஸ்பென்சரி ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, செங்குத்தான படிகள் ஏறி வரவேண்டிய இடத்தில் இருக்கிறது. நோய் இல்லாதவனும் படி ஏறி முடிக்கும்போது நோயாளியாகிவிடுவான். இடம் பிடித்தவர் கெட்டிக்காரர். பின்னேரமானால் டொக்டர் ஐயா வருவார். சிங்களவர், தங்கமான மனுசன். நம்பர் துண்டு கொடுப்பதும், பிரஷர் பார்ப்பதும், வந்தவர்கள் பேசும் தமிழை அவருக்குச் சிங்களமாகவும், அவர் பேசும் சிங்களத்தை இவர்களுக்குத் தமிழாகவும் மாற்றிக் கொடுப்பதும் என் வேலை. நான் நர்ஸ் இல்லை. இருந்தாலும் தோட்டத்துச் சனம் என்னை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுகிறது. மறுத்து மறுத்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஐம்பதைத் தாண்டிய அக்கா தங்கச்சிமாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உலகம் தும்மல் வந்தால் மூக்கைப் பொத்தும். நாம் காலைப் பின்னுவோம். உலகம் பஸ்ஸில் ஜன்னலோரம் தேடும். நாம் பஸ் எங்கே நிற்கும், நின்ற இடத்தில் கக்கூஸ் இருக்குமா என்று தேடுவோம். வழி முழுக்க அடக்கிக்கொண்டு வந்தது, வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்ததும் மட்டும் ஏன் அப்படி முந்திக்கொள்கிறது என்று உங்களைப்போல எனக்கும் தெரியாது. ஆண்கள் வாசித்தாலும் பாதகமில்லை. விளங்காத இடத்தில் வீட்டில் கேளுங்கள். வீட்டில் சொல்லமாட்டார்கள், அது வேறு விஷயம்.

இதில் வருகிற சிவகாமியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். “எழுதுங்க மிஸ்ஸி, பேர மட்டும் மாத்திருங்க. தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா எழுத்துல வந்தா மருமக வாசிப்பா” என்றாள்.

பக்திக்கு மருந்து

ராஜு அண்ணன் முதல்முதலில் வந்தபோது நம்பர் எடுக்கவில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஐம்பத்தாறு வயது. தை மாதக் குளிருக்குக் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு, கூட்டம் கலையும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு, என் மேசைக்கு வந்து குனிந்து கேட்டார்: “மிஸ்ஸி, பொஞ்சாதிக்கு பக்தி முத்திப்போனா அதுக்கு மருந்து இருக்குங்களா?”

விசாரித்தேன். பெண்சாதி பெயர் சிவகாமி, கொழுந்து எடுக்கிறவள். பிள்ளைகள் கல்யாணம் முடித்துக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். லயத்து வரிசையில் இவர்களுக்கென்று இருக்கும் ஒற்றையறைக் காம்பிராவில் இப்போது இவர்கள் இருவர்தான். அதற்குப் பிறகுதான் சிவகாமிக்குச் சாமிமேல் ஆசை வந்ததாம். திங்கட்கிழமை சிவனுக்கு விரதம், செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. ஞாயிறு சூரியனுக்கு என்று போன வருசம் சேர்த்துக்கொண்டாளாம். விரதமென்றால் பாயைத் தனியாக விரிப்பாள், நடுவில் ஒரு குத்துவிளக்கையும் ஏற்றி வைப்பாள். “சரி, புதன்கிழமை?” என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “புதனுக்கு சாமி இல்லீங்க. அன்னிக்கு தலவலி” என்றார். போன மாதம் போயா என்கிற பௌர்ணமி தினத்துக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆட்களோடு பன்சலை விகாரைக்குப் போய், வெள்ளைச் சேலை கட்டி, சில் என்கிற அவர்களுடைய விரதத்தையும் எடுத்துவிட்டு வந்தாளாம். மாரியம்மன் கோயிலில் பிறந்து வளர்ந்தவள் புத்தரையும் விட்டுவைக்கவில்லை.

தோட்டத்தில் எல்லோரும் அவளைச் ‘சாமியம்மா’ என்று கூப்பிட்டு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் திருநீறு வாங்கிப் போகிறார்களாம். ராஜு அண்ணனுக்கோ வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. தம்பி கொழும்பில் வாச்சர் வேலை பார்த்து வைத்திருக்கிறான், சித்திரை வருசம் பிறந்ததும் ரயில் கோச்சி ஏறிவிடப்போகிறேன் என்றார். “ஏசிப் பாத்தீங்களா?” என்றேன். மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். “சாமியோட போட்டி போட முடியுங்களா மிஸ்ஸி? அதுக்கு நேரந்தவறாம பூச நடக்குது. எனக்கு தேத்தண்ணிகூட ஆறித்தான் வருது.”

சூடு

மலைநாட்டில் தொப்புளுக்குக் கீழே எந்த இடத்துக்கும் பெயர் கிடையாது. அங்கே வருகிற எல்லா வியாதிக்கும் ஒரே பெயர்தான்: சூடு. ஒன்றுக்குப் போனால் எரிந்தால் சூடு. அடிக்கடி போனால் சூடு. வெள்ளை பட்டால் சூடு. மாதவிடாய் நின்ற பிறகு திடீரென்று மார்பிலிருந்து தலைவரை நெருப்பாகக் கொதித்து வேர்த்துக் கொட்டுகிறதே, உண்மையிலேயே சூடான அது ஒன்றுதான், அதற்கு மட்டும் ‘படபடப்பு’ என்று பெயர். எனக்கு முன்னால் இங்கே மொழிபெயர்த்தவர் மருந்து கட்டும் ஐயா, துண்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். அவர் சூட்டை அப்படியே ‘உண’ என்று சிங்களத்தில் சொல்லிவிடுவார். உண என்றால் காய்ச்சல். மேலே தர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கீழே எரிகிறதற்குப் பெனடோல் வாங்கிப் போன பெண்கள் எத்தனை பேரோ.

ராஜு அண்ணன் வந்துபோன அடுத்த வாரம் சிவகாமியும் சூட்டோடுதான் வந்தாள். ஐம்பத்திரண்டு வயது, நெற்றி நிறையத் திருநீறு, களையான முகம். வீட்டுக்குத் தூரம் நின்றதிலிருந்து சூடு என்றாள். நான் அதை உரித்து உரித்துக் கேட்டு, எரிச்சல், அவசரம், ராத்திரி எழும்புவது என்று மூன்றாகப் பிரித்து டொக்டர் ஐயாவுக்குக் கொடுத்தேன். “வேற ஏதாவது இருக்கா?” என்று அவர் கேட்டார். சிவகாமி என்னைப் பார்த்தாள், மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்களின் செருப்புகளைப் பார்த்தாள். வேறொன்றும் இல்லை என்றாள். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் அவள் புருசன் பாதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அதை நான் எப்படிக் கேட்பது? எங்கள் தடுப்புப் பலகை அவ்வளவு மெல்லிசு, இந்தப் பக்கம் நினைத்தால் அந்தப் பக்கம் கேட்கும்.

டொக்டர் ஐயா சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார். மலையில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், அடக்கிவைக்கவே கூடாது என்றார். சொன்னேன். சிவகாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “தண்ணி குடிக்கிறது லேசுங்க மிஸ்ஸி. அத எங்க கொண்டுபோயி விடுறதுன்னு ஐயாகிட்ட கேட்டு சொல்லுங்க.”

சர்வதேசத் தரம்

பரிசோதனை முடிவைக் காட்ட வந்த அன்று, அந்தக் கேள்விக்குத் தோட்டம் ஏற்கனவே பதில் கண்டுபிடித்துவிட்டதாக அவளே சொன்னாள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, நல்ல தோட்டம் என்று சான்றிதழ் கொடுப்பார்களாம். அதற்காக மலையோரத்தில் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ் கட்டினார்கள். வெள்ளை டைல், குழாய், முகம் பார்க்கக் கண்ணாடி. எங்கள் டிஸ்பென்சரியில்கூட அப்படி இல்லை. கட்டி முடித்ததும் பெரிய பூட்டாகப் போட்டார்கள். சாவி கண்டாக்கிடம், அதாவது மலைவேலையை மேற்பார்க்கிற ஐயாவிடம். ஏன் பூட்டு என்று கேட்டதற்கு, “பாவிச்சா அழுக்காயிருமில்ல?” என்றாராம். நியாயம்தானே. சோறு தின்றால் தீர்ந்துவிடும் என்பதற்காக நாமும் பானையைப் பூட்டித்தானே வைக்கிறோம்.

குறித்த நாளில் வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்தார். அவருக்கும் நம் வயது. துரை பங்களாவில் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள், நல்ல ரகம், இரண்டு கோப்பை. மலையேறி வந்தவருக்குப் பாதியிலேயே முகம் மாறிவிட்டது. பெண்களுக்கு உடனே விளங்கிவிட்டது, அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. கக்கூஸ் வாசலில் எல்லோரும் நின்றார்கள். கண்டாக்கு சட்டைப்பையைத் தடவினார், காற்சட்டைப்பையைத் தடவினார், சாவி வீட்டில். கடைசியில் கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றியிருந்த சாக்குப் படங்குகளை அவிழ்த்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வட்டமாகப் பிடித்து, அந்த அம்மாவின் மானத்தைக் காப்பாற்றினார்கள். “சான்றிதழ் கெடச்சிச்சா?” என்று கேட்டேன். கிடைத்தது என்று தலையாட்டினாள். “தரம் பாக்க வந்தவங்களும் கடைசில நம்ம தரத்துக்குத்தாங்க வந்தாங்க.”

கொழுந்தும் கொசுவமும்

படங்கு என்றதும் அன்னம்மா அக்காவைச் சொல்லியாகவேண்டும். சிவகாமியின் அடுத்த காம்பிரா. அறுபது தாண்டியும் அன்றாடக் கைக்காசுக்கு மலைக்குப் போகிறவர், வேதக்காரர். இருமினால் போய்விடும், சிரித்தால் போய்விடும், பாரமான கூடையைத் தூக்கினால் போய்விடும். மழைக்காலம் முழுக்க அவருக்குக் கவலையே இல்லை. எல்லோருடைய படங்கும் நனைந்திருக்கும், யாருடையது எதனால் நனைந்தது என்று எந்தக் கண்டாக்கும் ஆராய்ச்சி செய்யமாட்டான். மாசியில் வெயில் திறந்ததும்தான் வினை. எல்லோருடைய சேலையும் காய்ந்திருக்கையில் தன்னுடையது மட்டும் நனைந்திருப்பதற்கு என்ன காரணம் சொல்வது? கொழுந்து குறைந்து வேலைநாள் குறைகிறதென்று தோட்டமே மழைக்குக் கும்பிட்டது. அன்னம்மா அக்கா அந்தோனியாருக்கு எல்லோரையும்விடப் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்றினார். “அவங்க கொழுந்துக்காக கும்புடுறாங்க மிஸ்ஸி, நான் கொசுவத்துக்காக கும்புடுறேன்” என்றார்.

டொக்டர் ஐயா அவருக்கு ஒரு பயிற்சி சொன்னார். அவர் அப்போதுதான் அரசாங்கத் தமிழ்ப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தார். அந்தத் தமிழில் நேரடியாகவே சொன்னார்: “அம்மணி, தாங்கள் இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விரித்தல் வேண்டும்.” அன்னம்மா அக்கா என் பக்கம் திரும்பி, “ஐயா பூசை வைக்கிறாருங்களா?” என்று கேட்டார். நான் என் தமிழில் சொன்னேன்: “மலையில ஒக்காரப் போறப்ப கண்டாக்கு வந்துட்டா டக்குன்னு அடக்குவீங்கல்ல? அதே மாதிரி இறுக்கிப் புடிச்சு விடுங்க. திரும்பத் திரும்ப செய்ங்க. கண்டாக்கு வர்றாரு, போறாரு. வர்றாரு, போறாரு.” இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவப் புத்தகத்திலும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் பெண்கள் கூட்டமாகச் செய்தார்களாம். மறுபடி வந்தபோது அன்னம்மா அக்கா சொன்னது: “நல்லா கேக்குதுங்க. ஆனா ஒன்னு, இப்ப அந்த ஐயா நெசமாவே வந்து நின்னாலும் நமக்கு சிரிப்புத்தான் வருது, சிரிச்சா திரும்பவும் போயிருது.”

அடி

எந்த மொழியையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமல் இருப்பது நல்லது. கொத்மலையில் ஒரு சாவு வீட்டுக்கு நான் போன அன்று டொக்டர் ஐயா, “பரவாயில்லை, நான் தமிழில் பார்த்துக்கொள்கிறேன்” என்று என்னைச் சந்தோசமாக அனுப்பிவைத்தார். அன்று பார்த்து அன்னம்மா அக்கா, “அடி எறங்குதுங்க” என்று போய் நின்றிருக்கிறார். கர்ப்பப்பை தளர்ந்து கீழே இறங்குவதை நாம் அப்படித்தான் சொல்வோம். ஐயா படித்த புத்தகத்தில் அடி என்றால் ஒரே பொருள்தான். நடந்ததையெல்லாம் துணைக்குப் போய் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சிவகாமி எனக்கு அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

“யார் அடித்தது?” “யாரும் இல்லீங்க, தானா எறங்குது.” “எப்போதிலிருந்து அடி?” “கடேசிப் புள்ள பொறந்ததுல இருந்துங்க.” “எப்படியான நேரத்தில்?” “இருமுனா எறங்கும், மூட்ட தூக்குனா எறங்கும், சும்மா நின்னுக்கிட்டு இருந்தாலும் எறங்கும்.” டொக்டர் ஐயாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இருமினால் அடி, மூட்டை தூக்கினால் அடி, சும்மா நின்றாலும் அடி! புருசனைக் கூப்பிடச் சொன்னார். சூசை அண்ணன் உள்ளே போனார். பெண்சாதி தோள் உயரம்கூட இல்லாத, இளைப்புக்காரர். அவரைப் பார்த்து ஐயா, “பெண்களை அடித்தல் சட்டப்படி குற்றமாகும்!” என்று மேசையில் தட்டியிருக்கிறார். சூசை அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, “பொம்பளைங்களுக்கு மட்டுந்தான் அந்த சட்டங்களா ஐயா? ஆம்பளைங்களுக்கு ஒன்னும் இல்லீங்களா?” என்று கேட்டாராம்.

மறுநாள் நான் போய் அடியைத் தூக்கி நிறுத்தவேண்டியதாயிற்று. விளங்கியதும் டொக்டர் ஐயா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு இருவரையும் வரவழைத்து, சூசை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டு, அன்னம்மா அக்காவைச் சரியாகப் பரிசோதித்து, தாங்கிப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் வைத்துவிட்டார். சில மாதங்களுக்கொரு தரம் கழற்றிக் கழுவி வைத்தால் போதும். அன்னம்மா அக்காவுக்குப் பரம சந்தோசம். ஆனால் அன்றைய ஏச்சைப் பெஞ்சியில் இருந்து கேட்ட சிவகாமி பயந்துபோனாள். பங்குனி பிறந்துவிட்டது, ராஜு அண்ணன் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டார் என்று அவளே சொன்னாள், சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. “அவரு போக வேணாங்க மிஸ்ஸி” என்றாள். அப்படியானால் ஐயாவிடம் உள்ளதைச் சொல்லுங்களேன் என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். “இருமுனதுக்கே சூசண்ணன இந்த ஏச்சு ஏசுனாரு. நான் என் சங்கதிய சொன்னா எங்க வீட்டுக்காரர ஜெயில்லயே போட்டுருவாருங்க.”

பங்குனி

ஒருநாள் நல்ல வெயில், ஆள் குறைவு. ஐயா வருவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. சிவகாமியைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்காரவைத்து, “இன்னிக்கி சொல்லாம போனா நானே உங்க வீட்டுக்காரருக்கு டிக்கெட் எடுத்து குடுக்குறேன்” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் பேச்சு வரும். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். எதிர் மலையில் கவ்வாத்து வெட்டிய தேயிலை வெயிலில் காய்ந்து கிடந்தது.

“இந்தப் பங்குனியில மல எப்பிடி இருக்கு மிஸ்ஸி? மண்ணு வெடிச்சு, தொட்டா பொடியாகுதுல்ல? எனக்கு அங்க அப்பிடித்தாங்க. அவரு ஆசையா பக்கத்துல வந்தா கத்தி வச்சு கீறுன மாதிரி உசுரு போகுது. வேணாம்னு சொன்னா மனசு நோகும். சாமி பேர சொன்னா மனசு நோகாதுன்னு நெனச்சேன்.”

ஆறு நாள் விரதமும் ஒருநாள் தலைவலியும் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கின. பக்தியும் இல்லை, வெறுப்பும் இல்லை, வெறும் வலி. அதற்குள் ஐயாவின் கார் சத்தம் கேட்டுவிட்டது.

இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில், பஸ்ஸில், ரேடியோவில் படித்த சிங்களம். வறட்சிக்கு ரேடியோ செய்தியில் ‘நியங்’ என்பார்கள். அதைச் சொன்னேன். டொக்டர் ஐயா பெருமூச்சு விட்டு, ஆமாம், இந்த வருசம் நீர்த்தேக்கமெல்லாம் வற்றிப்போச்சு, மின்சாரம் வெட்டினாலும் வெட்டுவார்கள் என்றார். “ஐயா, நீர்த்தேக்கத்தில் இல்லை, இந்த அம்மாவில்” என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “ஹரி ஹரி” என்று, சிங்களத்தில் சரி சரி என்று, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த மனுசன் பேசியதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ரத்தம் படுகிறதா, மார்பில் எப்போதாவது கட்டி இருந்ததா என்று கேட்டார். பரிசோதித்தார். மாதவிடாய் நின்றால் உடம்பில் ஒரு சுரப்புக் குறைந்துவிடும், அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்துபோகும், எரிச்சலும் அவசரமும் அடிக்கடி கிருமி பிடிப்பதும் புருசனோடு இருக்கும்போது வலிப்பதும் எல்லாம் அதன் பிள்ளைகள்தான் என்றார். உள்ளே பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதினார், குணம் தெரியச் சில வாரம் ஆகும், அதுவரை அவசரப்படக் கூடாது, அதை வீட்டுக்காரரிடமும் சொல்லவேண்டும் என்றார். இவ்வளவு வருசமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கடைசியில் தன் பரீட்சைத் தமிழில் கேட்டார். “சாமிகிட்ட சொன்னேங்க ஐயா” என்றாள் சிவகாமி. “சாமி மருந்துத் துண்டு எழுதித் தரல.”

வாசலில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். நான் கையை உதறிவிட்டேன். நான் தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் நிற்கிறவள். புருசன் பெண்சாதிக்கு நடுவில் நிற்க இந்தச் சம்பளம் காணாது. “என்கிட்ட சொன்ன அதே வார்த்தைய அவர்கிட்ட சொல்லுங்க” என்றேன். அவள் சொல்வாளோ மாட்டாளோ என்று எனக்குத்தான் அந்த வாரம் பூராவும் தூக்கமில்லை. ஆனால் அன்னம்மா அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. இரண்டே வாரத்தில் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் படி ஏறி வந்து, என் காதில் ஒரே சொல்லைச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள், சொன்னாள்: “எல்லாருக்கும் இந்த மாசத்தோட முடிஞ்சிரும் மிஸ்ஸி. எனக்கு ஏழு வருசமா பங்குனிங்க.”

வீட்டுக்கு

சித்திரை வருசம் பிறந்து, பலகாரமும் வெடிச் சத்தமும் ஓய்ந்து, டிஸ்பென்சரி திறந்த முதல் நாள். வருசத்துக்குத் தின்ற எண்ணெய்ப் பலகாரம் முழுதும் நெஞ்செரிச்சலாக வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் சிவகாமியின் தோட்டத்துக் கோயில் தலைவர், பட்டுக்கரை வேட்டி, பிரஷர் பார்க்க வந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் ராஜு அண்ணன் படி ஏறி வந்தார். கையில் பை வேறு. கோச்சிக்குப் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

“கொழும்புக்கா அண்ணே?” என்றேன்.

“இல்லீங்க மிஸ்ஸி. தம்பிக்கு போன் பண்ணி வேற ஆள பாக்கச் சொல்லிட்டேன்.” பையிலிருந்து எங்களுக்கு என்று கொண்டுவந்த கொக்கிஸ் பலகாரப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். “சொல்லிட்டா. ராத்திரி பூரா அழுதுக்கிட்டே சொன்னா. பங்குனியில கொழுந்து இல்லேன்னு தேயிலைய யாராச்சும் ஏசுவாங்களா மிஸ்ஸி? தொழிற்சாலையில இருக்கிற எனக்கு தெரியாதா? நான் என்னைய புடிக்கலன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியான களிம்பு டியூபைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். இன்னொன்று வேண்டும், ஐயாவிடம் மருந்துத் துண்டு வாங்கித் தாருங்கள் என்றார்.

பெஞ்சியில் இருந்த அத்தனை தலைகளும் டியூபைப் பார்த்தன. கோயில் தலைவர் உரக்கக் கேட்டார்: “என்னா ராஜு, மூட்டு வலிக்கா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ராஜு அண்ணன் டியூபைக் கையில் எடுத்து, நிமிர்ந்து, அவர் கேட்டதைவிட உரக்கவே சொன்னார்: “இல்லண்ணே. இது வீட்டுக்கு. மாசம் நின்ன பொம்பளைங்களுக்கு வர்ற வலிக்கு. ரொம்ப நாளா ஒத்தையா தாங்கிக்கிட்டா.”

ராஜு அண்ணன் துண்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கோயில் தலைவரின் நம்பரைக் கூப்பிட்டேன், அவர் எழும்பவில்லை. பின்னால் வந்தவர்களைப் போகச் சொன்னார். எல்லோரும் போய், பெஞ்சி காலியாகி, மருந்து கட்டும் ஐயா ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் மேசைக்கு வந்து குனிந்தார்.

“மிஸ்ஸி, எங்க வீட்டுலயும் ரொம்ப வருசமா விரதம் கொஞ்சம் ஜாஸ்திங்க.”

ஆகவே, மலைநாட்டில் பக்தி குறைந்துவருகிறதென்று இனி யாராவது கோயில் கூட்டத்தில் வருத்தப்பட்டால், கலிகாலத்தைக் குறை சொல்லவேண்டாம், ஹட்டன் பார்மசியில் களிம்பு வந்து இறங்கியிருக்கும்.